கடைசியில் உள்ளே காயும் தண்ணீர்: மதுரையில் படகு எஞ்சினைக் கழுவ எந்த வழி?

கடலில் ஓடிய அவுட்போர்டு எஞ்சினை, அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சினை, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. மதுரையில் உட்கார்ந்து அந்த வரியைப் படிக்கிறவனுக்கு எழும் முதல் கேள்வி, எது நல்ல தண்ணீர் என்பதுதான். எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் வைகைத் தண்ணீர் முறை வைத்து வரும். அதை நல்ல தண்ணீர் என்போம். இன்னொன்று போர்வெல். அது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியின் உட்புறம் மாதத்துக்கு மாதம் வெள்ளை ஏறிக்கொண்டே போகும். படகு எஞ்சினைக் கழுவும் வழிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள். பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்த பிறகு, தண்ணீரைத் தீர்மானிக்காமல் கருவியைத் தீர்மானிப்பது வீண் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

ராமநாதபுரம் சாலையில் சிலைமான் பக்கம் எனக்கு ஒரு சிறு பட்டறை. முக்கிய வேலை பம்புசெட்டும் டீசல் எஞ்சினும்தான். மனைவியின் தம்பி மண்டபத்தில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். அவருடைய 9.9 எச்.பி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலைக்காக இங்கே வரும். அதைப் பார்த்து அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொருவராக எஞ்சினை அனுப்ப ஆரம்பித்தார்கள். இப்படித்தான் கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊரில் கடல் எஞ்சினோடு பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஏன் கழுவ வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரில் ரேடியேட்டர் செய்கிற வேலையை இந்த எஞ்சினில் கடலே செய்கிறது. கீழ்ப்பகுதியில் உள்ள துளைகள் வழியாக இம்பெல்லர் என்ற ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் கடல் நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். அந்த நீர் சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய பாதைகளில் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் நீரின் பெரும்பகுதி வடிந்துவிடும். மூலைகளிலும், சூடேறினால் திறந்து நீரை விடும் தெர்மோஸ்டாட் வால்வின் உறையிலும் தங்குவது அந்தச் சூட்டிலேயே காய்ந்து உப்பாகிவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு அலுமினியத்தை அரிக்கும். அரித்த இடத்தில் விபூதி போல வெள்ளைப் பொடி கிளம்பும். பாதை குறுகும், தெர்மோஸ்டாட் இறுகும், அடுத்த பருவத்தில் நடுக்கடலில் எஞ்சின் கொதிக்கும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை மண்டபத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மண்டபத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். எஞ்சினைக் கழற்றி, வண்டி கிடைக்கும் வரை காத்திருந்து, பரமக்குடியில் ஒரு நிறுத்தம், திருப்புவனத்தில் ஒரு நிறுத்தம் என்று அது பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் உள்ளே இருந்த நீர் காய்ந்துவிடுகிறது. ஈரமாக இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் போகிற உப்பு, காய்ந்து கட்டிதட்டிய பிறகு அரை மணி நேரம் ஓட்டினாலும் முழுதாகக் கரைவதில்லை. அதனால் முதல் கழுவல் கரையிலேயே நடக்க வேண்டும். இதை நான் மைத்துனரிடம் சொன்னபோது, "குடிக்கவே குடம் வைத்து வரிசையில் நிற்கிறோம் மச்சான், எஞ்சினுக்கு எங்கே போவது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கிணற்று நீர் சவராக, சற்று உப்பாக, இருந்தாலும் பரவாயில்லை, அதில் ஒரு முறை ஓட்டி அனுப்புங்கள் என்றேன். ஏன் பரவாயில்லை என்பதற்கான கணக்கைப் பின்னால் சொல்கிறேன். வண்டியில் ஏற்றும்போது எஞ்சினின் தலைப்பகுதி கீழ்ப்பகுதியை விடத் தாழ்ந்துவிடக் கூடாது என்றும் சொல்லி வைத்தேன். தாழ்ந்தால் கீழே மிச்சமிருக்கும் நீர் புகைபோக்கி வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மீன் வண்டியில் பெட்டிகளுக்கு இடையே தலைகீழாகச் செருகி அனுப்பிய எஞ்சின்களை நான் பார்த்திருக்கிறேன். சிலிண்டருக்குள் துரு பிடித்த பிறகு வெளியே எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

இனி கரை மேல் கழுவும் வழிகளுக்கு வருகிறேன். மூன்று வழிகள் உண்டு. எஞ்சினின் நீர்த்துளைகள் மீது ரப்பர் கிண்ணக் கவ்வியை மாட்டி ஹோஸ் வழியாகத் தண்ணீர் கொடுத்து ஓட்டுவது ஒன்று. எஞ்சினிலேயே உள்ள கழுவும் குழாய்வாயில் ஹோஸை இணைத்து எஞ்சினை ஓட்டாமலே நீரை உள்ளே விடுவது இன்னொன்று. கீழ்ப்பகுதியை டிரம் தண்ணீரில் இறக்கி ஓட்டுவது மூன்றாவது.

கவ்விதான் பலரும் முதலில் வாங்குவது. பார்ப்பதற்குக் காதுமூடி போல இருக்கும். வளைந்த கம்பியின் இரு முனைகளிலும் ரப்பர் கிண்ணங்கள், அவற்றில் ஒன்றில் ஹோஸ் செருகும் முனை. விலை குறைவு, பையில் வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் படகிலோ டிரெய்லரிலோ மாட்டியபடியே கழுவிவிடலாம். உள்ளே போவது எப்போதும் புதுத் தண்ணீர். போன தண்ணீர் திரும்ப வருவதில்லை. குழாயைத் திறந்தால் தாராளமாகத் தண்ணீர் கொட்டும் ஊரில் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

மதுரையின் நிலை அதுவல்ல. மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் என்பது கணக்கு. ஒரு மாடி வீட்டின் மேல் உள்ள தொட்டி 6, 7 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நீளமான அரை அங்குல ஹோஸைக் கடந்து வருவதற்குள் அந்த அழுத்தத்திலும் ஒரு பகுதி குறைந்துவிடும். கவ்வி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், இம்பெல்லர் உறிஞ்சியது போகக் கிண்ணத்தின் ஓரங்களில் நீர் பொங்கி வழிய வேண்டும். வழியவில்லை என்றால் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்று பொருள். வழிய வேண்டும் என்றால் வீணாகவும் வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் 10 நிமிடத்தில் 100 லிட்டர் மண்ணுக்குப் போகிறது. வைகைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வராது. அதனால் எல்லாரும் செய்வது போல நானும் ஒரு தவறு செய்தேன். போர்வெல் மோட்டாரிலிருந்தே நேராக ஹோஸை இழுத்துக் கவ்வியில் மாட்டினேன்.

எஞ்சின் நன்றாக ஓடியது. எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையில், உள்ளே நீர் ஓடுவதற்கு அடையாளமாக, நீர் பீய்ச்சி அடித்தது. நான் குனிந்து கார்புரேட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மின்சாரம் போனது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சத்தத்தில் மோட்டார் நின்றது காதில் விழவில்லை. பட்டறைப் பையன்தான் துளையில் நீர் வரவில்லை என்பதைக் கண்டு கத்தினான். நிறுத்திவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழ்ப்பகுதியைப் பிரித்துப் பார்த்தால் இம்பெல்லரின் இதழ்களில் இரண்டின் நுனி கருகியிருந்தது. இன்னொன்றில் ஒரு துண்டையே காணவில்லை. இம்பெல்லருக்கு அது தள்ளும் தண்ணீர்தான் எண்ணெய். நீர் இல்லாமல் சுழன்றால் உறையில் உரசி நொடிகளிலேயே சூடேறிவிடும். புது இம்பெல்லர் மாட்டுவது சிறிய வேலை. காணாமல் போன அந்த ரப்பர் துண்டு நீர்ப்பாதையில் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடி, தெர்மோஸ்டாட் உறை வரை கழற்றியதுதான் பெரிய வேலை. உப்பைக் கழுவப் போய், உப்பு செய்வதை விடப் பெரிய கேட்டை ஒரே நிமிடத்தில் நான் செய்துவிட்டேன். அது என் தவறு. ஆனாலும் இந்த வழியின் இயல்பான பலவீனமும் அதுவேதான். வெளியிலிருந்து வரும் நீர் நின்ற கணமே எஞ்சின் வறண்டுவிடுகிறது.

கவ்வியைப் பயன்படுத்துகிறவர்கள் மறக்கக் கூடாதவை சில. முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். நிறுத்தும்போது முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில், ஐட்லிங் வேகத்தில் மட்டும் ஓட்ட வேண்டும். எஞ்சின் செங்குத்தாக நிற்க வேண்டும். சில சிறிய எஞ்சின்களில் நீர்த்துளை பக்கவாட்டில் இல்லாமல் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகட்டின் அடியில் இருக்கும். அவற்றில் கவ்வி உட்காரவே உட்காராது. வாங்கும் முன் எஞ்சினைக் குனிந்து பாருங்கள்.

குழாய்வாய் முறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் இது இருக்கிறது. எஞ்சினை ஓட்டாமலே ஹோஸை மாட்டிப் பதினைந்து நிமிடம் நீர் விடலாம். சத்தம் இல்லை, புகை இல்லை, இம்பெல்லர் கருகும் பயம் இல்லை. குறைந்த அழுத்தத்திலும் ஓரளவு வேலை நடக்கும். கடற்கரையில் தினமும் தொழிலுக்குப் போய் வந்து, உப்பு காய்வதற்குள் கழுவுகிறவருக்கு இது மிக நல்ல வழி. எங்களிடம் வருவது காய்ந்த எஞ்சின். ஓடாத எஞ்சின் சூடேறுவதில்லை. சூடேறாத எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். அதன் பின்னால் உள்ள பாதைக்கு நீர் வேகமாகப் போகாது. காய்ந்த உப்புக்கு வெதுவெதுப்பும் ஓட்டமும் இரண்டும் வேண்டும். தவிர மைத்துனரின் எஞ்சின் போன்ற பழைய டூ ஸ்ட்ரோக்குகளில் பெரும்பாலும் இந்த வாயே இருப்பதில்லை. இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கழுவி முடித்ததும் அந்த இணைப்பை அதன் இடத்தில் இறுக்கமாகத் திருகி மூட வேண்டும். தளர்வாக விட்டால் அடுத்த பயணத்தில் குளிர்விக்க வேண்டிய நீர் அந்த வழியாகவே ஒழுகிப் போய்விடும். இதில் எஞ்சினை ஓட்டலாமா கூடாதா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். கையேடு சொல்வதே இறுதி.

டிரம்தான் என் தேர்வு.

நீல நிற 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் மேல்பகுதியை அறுத்துவிட வேண்டும். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய ஹோஸ் துண்டை நீளவாக்கில் பிளந்து விளிம்பில் மாட்டிவிட்டால் போதும். எஞ்சினின் பாரத்தை டிரம் தாங்காது, தாங்க வைக்கவும் கூடாது. ஆங்கிள் இரும்பில் ஒரு தாங்கி செய்து, அதன் குறுக்கே இரண்டு அங்குல வேங்கைப் பலகை ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கி, படகின் பின்பலகையில் மாட்டுவது போலவே எஞ்சினை அதில் மாட்டுகிறேன். டிரம் அடியில் தனியாக நிற்கும். எஞ்சின் அதிர்ந்தாலும் டிரம் நகராது, டிரம் சாய்ந்தாலும் எஞ்சின் விழாது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது. டிரம்மின் உயரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். குட்டை ஷாஃப்ட் எஞ்சினில் பலகையின் மேல்விளிம்பிலிருந்து புரொப்பெல்லருக்கு மேலே உள்ள அந்தத் தட்டைத் தகடு வரை 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர். இம்பெல்லர் அந்தத் தகட்டுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும். அதுவும் முங்க வேண்டும் என்பதால் தகட்டுக்கு மேல் 10 சென்டிமீட்டர் நீர் வைத்துக்கொள்வேன். பலகையை டிரம்மின் விளிம்பு உயரத்தில் வைத்தால், விளிம்பிலிருந்து 28 சென்டிமீட்டர் கீழே வரை நீர் இருந்தால் போதும். ஏறத்தாழ 140 லிட்டர். எங்கள் வீட்டுக் குடத்தில் பத்துக் குடத்துக்குள் அடங்கிவிடும். 20 அங்குல நெட்டை ஷாஃப்டுக்கு இன்னும் குறைவாகவே போதும். ஆனால் எஞ்சினின் அடிமுனை டிரம்மின் அடியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரம்மை நான் நம்புவதற்கு முதற்காரணம், மின்சாரம் போனாலும் டிரம்மில் இருக்கும் தண்ணீர் எங்கேயும் போகாது. குழாயில் காற்று வந்தாலும், ஹோஸ் மடங்கினாலும், யாராவது தெரியாமல் வால்வைத் திருகினாலும் இம்பெல்லர் நனைந்தபடியே இருக்கும். அரை மணி நேரம் ஓட்டினாலும் அதே 140 லிட்டர்தான். ஓட ஓட நீர் வெதுவெதுப்பாகும். தெர்மோஸ்டாட் நிதானமாகத் திறக்கும். காய்ந்த உப்பு ஊறும். முதலில் மெலிந்து வந்த நீர்த்தாரை பத்தாவது நிமிடத்தில் தடித்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது அடைத்த வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட நிறைவு வருகிறது.

டிரம்மின் மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு, கழுவிய நீரையே திரும்பத் திரும்பக் குடிக்கிறது என்பது. குளித்த தண்ணீரிலேயே குளிப்பது போல என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்கவில்லை. எஞ்சினுக்குள் ஒரு லிட்டர் கடல் நீர் காய்ந்து 35 கிராம் உப்பு தங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 35 கிராமும் 140 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 250 மில்லிகிராம் கூடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருளை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆக நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு எஞ்சினைக் கழுவிய டிரம் தண்ணீர், எங்கள் பகுதியில் போர்வெல்லிலிருந்து அப்படியே வரும் பல தண்ணீரை விடச் சுத்தம். ஒரே தண்ணீரில் ஐந்து எஞ்சினை ஓட்டினால் 1,250 கூடிவிடும். அப்போது அந்தக் குற்றச்சாட்டு உண்மையாகிறது. மழைக்காலத்தில் வரிசையாக எஞ்சின்கள் வரும்போது நான் இரண்டுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றிவிடுகிறேன்.

மண்டபத்துச் சவர் நீர் பரவாயில்லை என்று சொன்னதன் காரணமும் இதே கணக்குதான். கடல் நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. மோசமான போர்வெல் நீரில் 2,000 இருக்கட்டும். பதினேழில் ஒரு பங்குதான். கடல் நீரைத் துரத்த அது போதும். ஆனால் அதையே உள்ளே காயவிட்டால் வேறொரு வம்பு வரும். போர்வெல் நீரின் பெரிய குறை சமையல் உப்பு மட்டுமல்ல, சுண்ணாம்பு. வெந்நீர் அண்டாவின் அடியில் ஓடு போல வெள்ளை படிகிறதே, அதுதான் எஞ்சினுக்குள்ளும் படியும். சமையல் உப்பு தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சுண்ணாம்பு ஓடு வெறும் தண்ணீருக்குக் கரையாது. அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கலாம், எஞ்சின் பாதைக்குள் கையை விட்டுத் தேய்க்க முடியாது. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றிக் கரைக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்போடு சேர்த்து அலுமினியத்தையும் அது தின்னும்.

எனவே நான் வந்து சேர்ந்த முறை இரண்டு தண்ணீர் முறை. முதல் நிரப்பல் போர்வெல் தண்ணீர். அதில் பதினைந்து நிமிடம். அதை வெளியேற்றிவிட்டு, இரண்டாவதாக நல்ல தண்ணீர் நிரப்பி மறுபடி பத்து நிமிடம். உப்பைத் துரத்த எந்தத் தண்ணீரும் உதவும். கடைசியாக எஞ்சினுக்குள் தங்கிக் காயப்போகும் தண்ணீர் எது என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

அந்த இரண்டாவது தண்ணீருக்கு எங்களுக்குக் கிடைப்பதில் முதலிடம் மழைநீருக்கு. எஞ்சின்கள் வருவதும் மழைக்காலத்தில்தான் என்பது எங்கள் அதிர்ஷ்டம். 2003-ல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் பட்டறைக் கூரையில் இன்னும் இருக்கிறது. அதைக் குழிக்குப் போகும் முன் ஒரு டிரம்முக்குத் திருப்பிவிட்டேன். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர். ஒரு நல்ல மாலை மழை ஐந்தாறு எஞ்சினுக்குப் போதும். முதல் ஐந்து நிமிட நீர் கூரைத் தூசியோடு வரும், அதை விட்டுவிட்டு, பிறகு வேட்டித் துணியில் வடிகட்டிப் பிடிக்க வேண்டும். மழை இல்லாத போது வைகைத் தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்து, பென்னிகுவிக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையிலிருந்து சுரங்கம் வழியாக வந்து வைகையில் சேரும் தண்ணீரும் அதில் கலந்திருக்கிறது. நிலத்தடிப் பாறைக்குள் ஊறிக் கிடந்த நீரைப் போல அதில் சுண்ணாம்பு ஏறியிருப்பதில்லை. ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாயில் வரும் நீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: வேண்டாம். வடிகட்டியில் பிரிந்த உப்பு முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது.

சரி, யாருக்கு எது? கடற்கரையிலேயே இருந்து, குழாய்வாய் உள்ள புது எஞ்சின் வைத்திருப்பவர் தினமும் அதையே பயன்படுத்தட்டும். எஞ்சினைக் கழற்ற முடியாதபடி பெரிதாக இருந்தால், இரண்டு பேரால் தூக்க முடியாத எடை என்றால், டிரெய்லரில் வைத்தபடி கவ்வி ஒன்றே நடைமுறைக்கு ஒத்துவரும். அப்போதும் ஹோஸை மோட்டாரில் மாட்டாமல் நிறைந்த மாடித் தொட்டியில் மாட்டுங்கள். நீர்த்தாரையை மட்டும் பார்க்க ஓர் ஆளை நிறுத்துங்கள். அந்த ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். மற்றபடி, கையில் தூக்கும் எஞ்சினை மதுரை போல அளந்து தண்ணீர் வரும் ஊருக்குக் கொண்டுவருகிற யாருக்கும் டிரம்தான். வீட்டில் கழுநீர்த் தொட்டி சிமெண்டில் கட்டி வைத்திருக்கும் கிராமத்து வீடுகளில் அதில் இறக்கி ஓட்டலாமே என்று நினைப்பார்கள். ஆழம் பெரும்பாலும் போதாது. போதுமென்றாலும் மாடு குடிக்கும் தொட்டியில் எஞ்சின் எண்ணெயைக் கலப்பது முறையல்ல.

கண்மாயில் கொண்டுபோய் ஓட்டிவிட்டு வரலாம் என்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். நல்ல தண்ணீர்தானே, அளவில்லாமல் கிடக்கிறதே என்று தோன்றும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத எண்ணெயைப் புகையோடு நீருக்குள்தான் விடுகிறது. அந்த நீரில் ஆடுமாடு குடிக்கிறது, மீன் குஞ்சு வளர்கிறது. எஞ்சினுக்கும் நல்லதல்ல. ஆகாயத்தாமரை வேரும் சேறும் நீர்த்துளையை அடைக்கும்.

உப்பே படாத எஞ்சினுக்கும் கழுவல் வேண்டுமா என்றால், வேண்டும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியபோது கடலோரப் படகுகள் தெருக்களுக்குள் ஓடி மக்களை ஏற்றி வந்தன. தெருவெள்ளம் கடல் நீர் அல்ல, ஆனால் அதில் மண், மணல், சாக்கடை, பிளாஸ்டிக் எல்லாம் உண்டு. மணல் இம்பெல்லரின் உறையை உரசித் தேய்த்துவிடும். வண்டல் காய்ந்தால் நீர்ப்பாதையில் களிமண் பூசியது போல ஒட்டிக்கொள்ளும். அப்படி ஓடிய எஞ்சினுக்கு டிரம்மில் நீரை இரண்டு முறையல்ல, தெளிந்து வரும் வரை மாற்ற வேண்டும். டிரம் முறை சற்றுத் தடுமாறும் இடம் இது ஒன்றுதான். கலங்கிய நீரையே மறுபடி உறிஞ்சும் என்பதால் இங்கே முதல் சுற்றுக்குக் கவ்வியே மேலானது. மாடித் தொட்டியின் போர்வெல் நீரில் முதலில் சேற்றைத் தள்ளிவிட்டுப் பிறகு டிரம்முக்கு மாறலாம்.

கழுவி முடித்த பிறகு எஞ்சினை உடனே படுக்க வைக்காதீர்கள். செங்குத்தாகவே தாங்கியில் விட்டு, நீர் சொட்டுவது நிற்கும் வரை பொறுங்கள். நிறுத்தும் சுவிட்சின் கொக்கியைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்தால் பம்பில் தங்கிய நீரும் வெளியேறும். கியர் ஆயில் திருகைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் மோர் போல வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதைக் கழுவல் சரிசெய்யாது. அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்வதற்காக வைத்திருக்கும் துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அடித்தால் அது தன் வேலையைச் செய்யாது, அலுமினியம்தான் அரிபடும். டிரம்மில் ஓட்டும்போதும் புரொப்பெல்லர் கழன்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் வெட்டவெளியில் நடக்க வேண்டும். ஷட்டர் இறக்கிய பட்டறைக்குள் இந்த எஞ்சினை ஓட்டினால் அதன் புகை ஆளைக் கொன்றுவிடும்.

கடைசியாக டிரம்மில் நிற்கும் அந்தத் தண்ணீர். டூ ஸ்ட்ரோக் என்றால் மேலே எண்ணெய் வானவில் போல மிதக்கும். அதை அப்படியே சாக்கடையிலோ மழைநீர்க் குழியிலோ சாய்க்கக் கூடாது. நாங்கள் ஒரு இரவு அசையாமல் விட்டுவிடுவோம். காலையில் மரத்தூளைத் தூவினால் எண்ணெயைக் குடித்துக்கொண்டு கட்டியாகும். அதைப் பழைய சல்லடையில் அள்ளி, கழிவு ஆயில் வைக்கும் தகர டின்னில் சேர்த்துவிடுவோம். கழிவு ஆயில் வாங்க வருகிறவர் டின்னோடு எடுத்துப் போவார். மிச்ச நீர் பட்டறை முன்னால் உள்ள வெறும் தரையில், கிணற்றிலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும் தள்ளி, புழுதி அடங்கத் தெளிக்கப்படுகிறது.